தொங்கல் காம்பராவின் சுவர்

ஹப்புத்தளையில் என் ஸ்டூடியோவுக்குக்
கல்யாணம் கிடைக்காத மாதங்களில்
நான் கோடுகளைப் படம் பிடிப்பேன்.

பேக்டரியின் நாலு மாடி ஜன்னல்கள்,
கண்ணாடிக்குக் கண்ணாடி வேறு அளவில் மேகம்.
குகைக்குள் போய்ச் சேரும் சிலிப்பர்க் கட்டைகள்.
மட்டக்குச்சி வைத்துச் சமமாக்கிய கொழுந்து மலை.
பெரணி:
இலைக்குள் அதே இலை, அதற்குள்ளும் அதே இலை,
எங்கே நிறுத்துவதென்று தெரியாத
மேடைப் பேச்சாளன் மாதிரி.

யாராவது குறுக்கே வந்தால்
போகட்டுமென்று காத்திருப்பேன்.
ஆள் விழுந்தால் கோடு கெட்டுவிடும்.
இருபது வருடமாக அதுதான் என் கொள்கை.

ஐப்பசி மழைக்குப் பிறகு
மண்சரிவு பார்க்கிறவர்கள் கூப்பிட்டார்கள்.
படத்துக்கு இருநூறு ரூபாய்.
வெடிப்புக்குப் பக்கத்தில் ஐந்து ரூபாய்க் குற்றி வை,
அளவு தெரிய வேண்டும்.
காம்பரா இலக்கம் தெரிய வேண்டும்.
அழகு வேண்டாம் என்றார் விஜேகோன் ஐயா.

அழகு தானாக வந்தது, என்ன செய்ய?
முதல் காம்பராவில்
தேயிலையின் நடுநரம்பைப் போல ஒன்று,
இரண்டு பக்கமும் கிளை விட்டு.
மூன்றாவதில்
முருகன் படத்து ஆணியிலிருந்து புறப்பட்டது
காலண்டருக்குப் பின்னால் ஒளிந்து,
பிறகு வெளியே வந்து
லைட் வயரோடு சேர்ந்து நடந்தது.
குற்றியை ஒட்டினேன். எடுத்தேன்.
குற்றியைப் பிய்த்துக்கொண்டு அடுத்த கதவு.

தொங்கல் காம்பராவில் திலகேஸ்வரி.
கொழுந்து நிறுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள்,
விரல் நுனிகளில் கறுப்புக் கறை.
"படம் புடிங்க.
பொட்டை மட்டும் பிச்சிராதீங்க."

அடுப்படிச் சுவரில்
தரையிலிருந்து கிளம்பி மேலே ஏறும் வெடிப்பு.
இடுப்புக்குச் சற்று மேலிருந்து
அதன்மேல் ஒட்டுப்பொட்டுகள்.
சிவப்பு, சிவப்பு, கறுப்பு, மெரூன்,
கல் வைத்த ஒன்று, தீபாவளியாக இருக்கும்.

கதவு வழியே வெயில் சாய்வாக விழுந்தது.
ஒவ்வொரு பொட்டுக்கும் ஒரு துளி நிழல்.
ஒத்துக்கொள்கிறேன்,
முதலில் எனக்குத் தோன்றியது அழகுதான்.
முட்டி போட்டு ஐந்து படம் எடுத்தேன்.
ஐந்துக்கும் சேர்த்து ஆயிரம் கேட்கலாமா என்றுகூட.

"சம்பளத்துக்குச் சம்பளம் ஒண்ணு" என்றாள்.
"அன்னைக்கு நுனி எங்க நிக்குதோ, அங்க.
முதல்ல பென்சில்லதான் கோடு போட்டேன்.
சின்னவன் அதுக்குச் சக்கரம் வரஞ்சு
ரயிலாக்கிப்புட்டான்."

தையிலிருந்து ஆனி வரை
பொட்டுக்கும் பொட்டுக்கும் ஒரு விரல்.
ஆடி, ஆவணி இரண்டு.
புரட்டாசி நாலு.
ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் நடுவே
குற்றியை வைத்து வைத்து எண்ணினேன்.
ஏழு.

படிவத்தில் கட்டங்கள் இருந்தன,
நீளத்துக்கு, அகலத்துக்கு, ஆழத்துக்கு.
வேகத்துக்கு இல்லை.
ஓரத்தில் நெருக்கி எழுதினேன்.
என் தமிழ்க் கையெழுத்தை
விஜேகோன் ஐயா யாரிடம் கொடுத்து வாசிப்பாரோ.

"நானும் நிக்கவா?
ஆள் இருந்தாத்தான் நம்புவாங்க."

வேண்டாம் என்று வாய் வரைக்கும் வந்தது.
அதற்குள் நின்றுவிட்டாள்,
தலைத்துண்டை அவிழ்த்து, முகத்தைத் துடைத்து,
அடையாள அட்டைக்கு நிற்கிற மாதிரி.

கடைசிப் பொட்டு
அவளுடைய பொட்டுக்கு நேரே இருந்தது.

அந்தப் படத்தில் குற்றி வைக்க மறந்துபோனேன்.

வாசலில் கேட்டேன், பாக்கெட்டில் இன்னும் எத்தனை?
"எனக்குப் போக நாலு."
பொட்டுக்கு மேலே முக்கால் ஆள் சுவர்,
சுவருக்கு மேலே தகரம்,
தகரத்துக்கு மேலே மலை.

கான் ஓரமாக இறங்கினேன்.
லயத்துக்குப் பின்னால் டர்பன்டைன் மரங்கள்,
நேராக வளர்வதைத் தவிர வேறெதுவும் தெரியாதவை,
முப்பதும் ஒரே பக்கம், ஒரே கோணத்தில் சரிந்து.

இதே வரிசையைப் போன வருடம் எடுத்திருக்கிறேன்.
கறுப்பு வெள்ளையில், ஆளில்லாமல்.
'லயம்' என்று பெயர் வைத்து
பண்டாரவளை ஹோட்டல்காரருக்கு விற்றேன்.
சாப்பாட்டு மண்டபத்தில் மாட்டியிருக்கிறார்,
நேராகத்தான்.